நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

முத்தமிழுள் இயலும் இசையும் ஒருங்கே கூடிப் பொலியும் இடம் நாடகம். கற்றார்க்கு நூல் உண்டு. செல்வர்க்குச் சங்கீத சபை உண்டு. ஏட்டையும் அறியாது, சபையினுள்ளும் புக இயலாது, பகலெல்லாம் உழைத்து இரவில் அயரும் எளிய மக்களுக்குத் தமிழின் சுவையையும் இசையின் இனிமையையும் ஒருசேர ஊட்டவல்லது நாடகமேயாகும். மேனாட்டிலும் நிலைமை இதுவே. ஆபெரா என்று ஐரோப்பியர் வழங்கும் இசை நாடகம் முதற்கண் இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளிலேயே நடந்து வந்தது. 1637-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில், கட்டணம் செலுத்துவோர் யாவரும் காணலாம் என்று ஓர் அரங்கம் திறக்கப்பட்ட பின்னரே அக்கலை பொதுமக்களின் உடைமையாகத் தொடங்கிற்று. நம் தமிழ்நாட்டில் அத்தகைய தொண்டினைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

வையைக் கரையிலுள்ள பரமக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களிலே, பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலங்களில் இரவு முழுவதும் வள்ளி திருமணம் நடைபெறுதலை நம்மிற் பலர் அறிவோம். தறியில் நெய்வோரும், மிளகாய் பயிரிடும் உழவரும், அவர்தம் பெண்டிரும் மக்களும் மணலிற் பாய் விரித்து அமர்ந்து விடியுமளவும் கண்டு களிப்பர். ஆயினும் அவ்வரங்கில் உள்ள புதுமையொன்றைப் பலர் கருதுவதில்லை. முருகனாக வருபவர் மதுரையினின்று வந்திருப்பார். வள்ளியாக வருபவர் புதுக்கோட்டையினின்று வந்திருப்பார். ஆர்மோனியம் வாசிப்பவர் வேறோர் ஊரினர். இவர்கள் அன்று மாலையில் வந்து கூடியவர். ஒத்திகை ஒன்றேனும் பார்த்தவரல்லர். எனினும் பாட்டும் வசனமும் தர்க்கமும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுக்கத் தடையின்றி ஓடும். இஃது எவ்வாறு இயலும்? அனைவரும் ஒரே பாடத்தைப் பயின்றவர் என்பதே விடை. அப்பாடத்தை வகுத்துத் தந்தவரே சங்கரதாஸ் சுவாமிகள்.

இளமையும் கல்வியும்

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் சங்கரன். தந்தையார் தாமோதரக் கணக்கப் பிள்ளை. இராமாயணத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். தந்தையாரிடமே தமிழின் முதற்பாடங்களைக் கற்ற சங்கரர், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். வெண்பாவும் விருத்தமும் வண்ணமும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன.

ஆயினும் புலமை ஒன்றே பிழைப்புக்கு வழி செய்வதில்லை. தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் அவர் சில காலம் கணக்கராக அமர்ந்தார். அவ்வுத்தியோகத்தில் நிலைத்திருந்தால் அமைதியான வாழ்வு கிடைத்திருக்கும். ஆனால் 1891-ஆம் ஆண்டளவில், தமது இருபத்துநான்காம் வயதில், அதனைத் துறந்து நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அக்காலத்தில் நாடகக்காரனைக் கூத்தாடி என்று இகழ்ந்து, நற்குடும்பத்தார் தம் வீட்டுத் திண்ணையிலும் இருத்தார். புலவர் ஒருவர் அத்தொழிலைத் தாமே விரும்பி மேற்கொண்டது எளிய செயலன்று.

வேடம் துறந்தது

இராமுடு ஐயர், கல்யாணராமையர் என்போரின் சபையில் அவர் முதலிற் சேர்ந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவருக்குப் பெரும்புகழ் உண்டாயிற்று. அவ்வேடங்களே அவர் வாழ்வின் போக்கையும் மாற்றின. சனீசுவரனாக நடித்த ஓர் இரவு கழிந்து, விடியற்காலையில் வேடத்தைக் கழுவ அவர் நீர்நிலைக்குச் சென்றபோது, அங்கிருந்த கருவுற்ற பெண் ஒருத்தி அவ்வுருவைக் கண்டு அஞ்சி வீழ்ந்தாள் என்றும், மற்றொருகால் எமனாக அரங்கிற் பாய்ந்தபோது கண்டிருந்த ஒரு பெண்ணுக்கும் அத்தகைய தீங்கு நேர்ந்தது என்றும் அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். தம் திறமையே பிறர்க்குத் துன்பமாயிற்றே என்று வருந்திய அவர், வேடம் புனைதலை விட்டொழித்தார். அதன்பின் நாடகம் எழுதுதலும் பிறரைப் பயிற்றுதலுமே தம் தொழிலாகக் கொண்டார்.

இடையில் உலகப் பற்று நீங்கித் துறவு பூண்டு, முருகன் திருத்தலங்கள் பலவற்றை வழிபட்டுத் திரிந்தார். சுவாமிகள் என்னும் பெயர் அதுமுதல் வழங்கலாயிற்று. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனைப்போல் ஏற்று ஆதரித்தார். அவ்வீட்டில் பெற்ற தாள அறிவு சுவாமிகளின் பாடல்கள் அனைத்திலும் விளங்கக் காணலாம்.

நாடகத்தைச் செப்பம் செய்தது

சுவாமிகள் புகுந்த காலத்தில் தமிழ் நாடகத்தின் நிலை எத்தகையது? தெருக்கூத்து நாட்டுப்புறங்களில் நடந்து வந்தது. பார்சி கம்பெனிகள் வந்து காட்டிய திரைகளையும் மெட்டுகளையும் கண்டு, கொட்டகை நாடகங்களும் புதியனவாக எழுந்தன. ஆனால் பாட்டுகள் மட்டுமே வரையறையுற்றிருக்க, வசனம் பெரும்பாலும் நடிகர் வாய்க்கு வந்தபடியாகவே இருந்தது. நா வன்மையுடையவன் மற்றவனை அடக்கிவிடுவான். அவையினரின் சிரிப்பை வேண்டி இழிசொல் புகும். கதை நள்ளிரவில் எங்கேயோ தங்கிவிடும்.

இக்குறையைச் சுவாமிகள் இருவழியாற் களைந்தார். முதலாவது, பாட்டும் வசனமும் முறையே அமைந்த நாடகங்களை எழுதினார். அவை நாற்பதுக்குக் குறையா என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், இலவகுசா, பிரகலாதன் முதலியன அவற்றுட் சிறந்தன. சிவப்பிரகாசரின் பிரபுலிங்க லீலை அவர் கையில் நாடகமாயிற்று. கிறிஸ்தவ மக்களிடையே வழங்கிய ஞானசௌந்தரியின் கதையும், ஷேக்ஸ்பியர் மகாகவியின் சிம்பலைனும் அவ்வாறே நாடகமாயின. கேட்போர் படியாதவர் என்று கருதி அவர் தம் தமிழைத் தாழ்த்தவில்லை. திருக்குறள் முதலிய நூல்களின் கருத்துகளைப் பாத்திரங்களின் வாயில் எளிதாக அமைத்தார். கருநாடக இராகங்களோடு மக்கள் விரும்பிய இந்துஸ்தானி மெட்டுகளையும், கும்மியும் சிந்துமாகிய நாட்டுப்புற வடிவங்களையும் கலந்தார். உயர்ந்ததைத் தாழ்த்தாது, எட்டாதவர்க்கு எட்டுமாறு படி கட்டியதே அவர் செய்த அருஞ்செயல்.

இரண்டாவது, அந்நாடகங்களை ஒழுங்குடன் நடிக்கும் நடிகர்களை ஆக்க முற்பட்டார். வயது வந்த நடிகரிடம் குடியும் கட்டுப்பாடின்மையும் மிகுந்திருக்கக் கண்டு, சிறுவர்களைக் கொண்டே சபை நடத்தத் துணிந்தார். 1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று; அதன் ஆசிரியர் சுவாமிகளே. டி. கே. எஸ். சகோதரர்கள் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தனர். அவருள் சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு.

பால சபையின் வாழ்வு கடுமையானது. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, ஊர் ஊராகச் சபையோடு செல்வர். ஆசிரியர் சொல்லச் சொல்லப் பாடம் கேட்டு மனனம் செய்வர். பிழைத்தால் அடியும் உண்டு. வளர்பருவத்தில் மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்தால், நேற்றுவரை கதாநாயகனாக விளங்கிய சிறுவன் மூலையில் ஒதுங்க நேரிடும். இக்குறைகளை நாம் மறைத்தல் கூடாது. எனினும் பள்ளிப்படிப்புக்கு வழியற்ற எத்தனையோ ஏழைச் சிறுவர்க்கு அச்சபைகளே தமிழையும் இசையையும் ஒரு தொழிலையும் தந்தன என்பதும் உண்மை.

சுவாமிகளின் கவித்துவம் விரைவு மிக்கது. சண்முகம் நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை, பாடலும் வசனமுமாக நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய அளவில், ஒரே இரவில் அவர் எழுதி முடித்தார் என்று அம்மாணவர் பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார்.

இறுதிக் காலம்

1921-ஆம் ஆண்டில் சுவாமிகளை வாத நோய் பற்றியது. கையும் காலும் செயலற்றன. ஓர் இரவில் ஒரு நாடகம் ஈந்த நாவும் பேச்சிழந்தது. சபையோர் அவரைக் கைவிடாது தம்முடனே வைத்துப் பேணினர். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், சபை புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, சுவாமிகள் இறைவனடி எய்தினார். அவர் சமாதி அந்நகரத்துக் கருவடிக்குப்பத்தில் உள்ளது. பொருளென்று அவர் விட்டுச் சென்றது ஒன்றுமில்லை.

மறைவுக்குப் பின்

அவர் விட்டுச் சென்ற பாடமோ ஊர்தோறும் பரவிற்று. கம்பெனியை முழுமையாக அழைக்கப் பொருளில்லாத சிற்றூரும், அங்கங்கிருந்து நடிகர் நால்வரை வருவித்து ஸ்பெஷல் நாடகம் நடத்த முடிந்தது. மதுரையிலிருந்து மண்டபம்வரை 1902-இல் இருப்புப்பாதை அமைந்திருந்தமையால், அதன் வழியிலிருந்த பரமக்குடி போன்ற ஊர்கட்கு நடிகர் வந்து செல்லுதல் எளிதாயிற்று. வீட்டில் சௌராட்டிர மொழி பேசும் நெசவாளரும் வள்ளியின் தர்க்கத்தைத் தமிழிற் கேட்டு மகிழ்தற்கு இத்தகைய நாடகங்கள் துணையாயின.

எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சுவாமிகளின் நாடகங்களைத் தம் கந்தர்வ கானத்தால் நாடெங்கும் நிறைத்தனர். தியாகி விசுவநாததாஸ் அதே வள்ளி திருமணத்தில் முருகனாகத் தோன்றித் தேசியப் பாடல்களைப் பாடி, பலமுறை சிறை புகுந்தார். அவர் மருத்துவர் குலத்திற் பிறந்தவரென்று உடன் நடிக்க மறுத்தோரும் உண்டு. அரங்கமோ அவரை முருகனாகவே கண்டு வணங்கிற்று. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சென்னையில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே அவர் உயிர் நீத்தார். பத்திரிகை படியாத மக்களுக்கு விடுதலை வேட்கையைக் கொண்டு சேர்த்த வாகனங்களுள் சுவாமிகளின் நாடகமும் ஒன்று.

இன்று புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் அவர் எழுதியவற்றுட் பல அச்சேறாமலே அழிந்தன. கம்பெனிகள் பாடத்தைத் தம் உடைமையாக மறைத்து வைத்ததும், கற்றறிந்தோர் அவற்றை இலக்கியமென மதியாமையும் அதற்குக் காரணம்.

மாணவ நண்பர்காள்! உங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நடைபெறும்போது, பாமரர் கூத்தென்று எண்ணி விலகிச் செல்லாதீர்கள். ஓர் இரவு அமர்ந்து கேளுங்கள். அரங்கில் பாடும் முதிய நடிகரை மறுநாள் அணுகி, அவர் நெஞ்சில் உள்ள பாடத்தை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தறியாதவர் காதுக்குத் தமிழைக் கொண்டு சென்றவர் சுவாமிகள்; அவர் தமிழை ஏட்டில் காத்தல் எழுத்தறிந்த நம் கடனாகும்.