சுவரைக் காக்கத் திறந்த அறை: மரியா மாண்டிசோரி

1880களில் உரோம் நகரில் வீடு கட்டி விற்கும் மோகம் பெருகிற்று. சில ஆண்டுகளிலேயே பணமுடை நேரவே, சான் லொரென்சோப் பகுதியில் எழுந்த உயர்ந்த கட்டடங்கள் பல அரைகுறையாய் நின்றுபோயின. வேலையும் கூரையும் தேடி வந்த ஏழைகள் அவற்றுள் குடிபுகுந்தனர். ஓர் அறையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. பின்னர் ஒரு நிறுவனம் அக்கட்டடங்களுள் சிலவற்றைச் செப்பனிட்டு உழைப்பாளர்க்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளிப் பருவம் எய்தாத சிறார் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். சுவரைப் பழுதுபார்ப்பதினும் பிள்ளைகளை ஓரறையில் வைத்துக் காப்பது சிக்கனம் என நிறுவனத்தார் கருதினர். அப்பொறுப்பினை ஏற்க அழைக்கப்பட்டவரே டாக்டர் மரியா மாண்டிசோரி. உலகம் போற்றும் கல்விமுறை ஒன்று சுண்ணாம்புச் செலவுக் கணக்கில் பிறந்தது விந்தைதான்!

1870 ஆகஸ்டு 31இல் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்த அம்மையார், தந்தையின் விருப்பத்தை மீறி மருத்துவம் பயின்று 1896இல் பட்டம் பெற்றார். மனநோய் மருத்துவப் பணியின்போது, மந்தபுத்தியர் என ஒதுக்கப்பெற்று மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்த சிறாரைக் கண்டார். தொட்டுப் பார்க்கவும் கையாளவும் ஒரு பொருளும் இல்லாத வெற்றறைகள் அவை. இத்தார், செகன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைப் பயின்று அச்சிறார்க்குக் கற்பித்தார். அவருள் சிலர் பொதுத்தேர்வில் தேறியபோது ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ வேறோர் ஐயம் எழுந்தது: குறையுடைய பிள்ளைகளே இவ்வளவு கற்கும்போது, குறையற்ற பிள்ளைகளை அந்நிலையிலேயே நிறுத்திவைத்தது எது?

அவ்வினாவுக்கு விடை தேடும் களமாயிற்று சான் லொரென்சோ. 1907 சனவரி 6ஆம் நாள் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. வந்த பிள்ளைகள் ஏறத்தாழ ஐம்பதின்மர்; அழுகையும் அச்சமும் ஊட்டக்குறைவும் உடையவர். அவர்தம் உயரமும் எடையும் குறித்துவைக்கப்பட்டன. நீராட்டும் தூய்மையும் பாடமாயின. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது முறைக்குமேல் தொடர்ந்தாள். சுற்றிலும் பிற பிள்ளைகளைப் பாடவைத்தும் அவள் கவனம் சிதறவில்லை. மற்றொரு நாள் ஓசையின்றி மூக்குச் சிந்தும் முறையை அம்மையார் செய்துகாட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கொழுகுவதற்காக ஏச்சுக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். எப்படித் துடைப்பது என்று அதுவரை எவரும் பொறுமையாகக் கற்றுத்தந்ததில்லை. ஏழைக் குழந்தை இழந்தது சோற்றை மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஓராண்டு நிறைவதற்குள், உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நான்கைந்து வயதினர் எழுதத் தலைப்பட்டனர். அவர்தம் பெற்றோருள் பலர் எழுத்தறியாதார்.

அம்மையாரின் வாழ்விலும் ஒரு குழந்தையின் இழப்பு உண்டு. 1898இல் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகன் மாரியோவை, ஊர்ப்பழிக்கு அஞ்சி நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளரவிட நேர்ந்தது. பதினைந்து வயதளவில்தான் அவர் தாயிடம் வந்து சேர்ந்தார். தாயைப் பழிப்போர் அன்றைய சமூகத்தையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

முசோலினி ஆட்சியோடு முரண்பட்டு 1934இல் இத்தாலியை நீங்கிய அம்மையார், அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939இல் மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டவர் என்று மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று மகனை விடுவித்தது அரசு. கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பச்சிளங்குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தார். முதல் ஆறாண்டுகளில் குழந்தையின் மனம் சூழலை உள்வாங்கும் திறம்பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1949இல் அடையாற்றிலேயே வெளியாயிற்று. பிற்காலத்தில் நம் நகரங்களில் அவர் பெயரைப் பலகையில் தாங்கியெழுந்த பள்ளிகள் பலவற்றில் கூலியாளர் பிள்ளைகள் கால்வைக்க இயலாது போயிற்று, கட்டணம் அத்தகையது.

1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். அவ்வூரிலேயே அவருடைய கல்லறை உள்ளது.