தன் முகத்தையே வரைந்த ஓவியர்

அமெரிக்க நாட்டின் செல்லப் பெயர் சாம் மாமா. உயரமான தொப்பி, வெள்ளைத் தாடி. விரலை நீட்டி இளைஞர்களைப் பட்டாளத்துக்கு அழைக்கும் அவர் படம் உலகப் புகழ் பெற்றது.

வரைந்தவர் ஜேம்ஸ் மான்ட்காமரி பிளாக். 1877-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 12 வயதிலேயே பத்திரிகைக்குப் படம் விற்றார்!

1916-ல் ஒரு பத்திரிகை அட்டைக்குச் சாம் மாமாவை வரைந்தார். மாதிரிக்கு ஆள் தேடவில்லை. தன் முகத்தையே வரைந்து, வயதைக் கூட்டி, தாடி வைத்தார். இந்தச் சாமர்த்தியத்தை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிற்காலத்தில் மெச்சினாராம்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படம் சுவரொட்டி ஆயிற்று. 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயின. பிளாக்குக்கு அப்போது வயது 39. அவர் முகமோ 20 வயதுப் பிள்ளைகளைப் போருக்கு அழைத்தது. அந்தப் போரில் லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டனர்.

இரண்டாவது உலகப் போரிலும் அதே சுவரொட்டி வந்தது. பிளாக் 1960-ல், 82 வயதில் காலமானார்.