அண்ணல் அம்பேத்கரின் மாணவ வாழ்வு

சமூகப்பணி என்பது இன்று பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கும் ஒரு தனித் துறையாக வளர்ந்து நிற்கின்றது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களிலிருந்தும், முகையூர் போன்ற சிற்றூர்களிலிருந்தும் நம் இளைஞர் சிலர் அப்படிப்பை நாடிச் செல்வதை ஆசிரியர் என்ற முறையில் நாம் கண்டு மகிழ்கின்றோம். அதே வேளையில், ஊருக்கு உழைக்க நல்ல மனம் இருந்தால் போதாதா, அதற்கு ஒரு பட்டமும் வேண்டுமா என்று பெற்றோர் வினவுவதையும் கேட்டு வருகின்றோம். கூலி வேலை செய்து மகனைப் படிக்க வைக்கும் ஒரு தந்தையின் வாயிலிருந்து வரும் இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் தகாது.

இதற்குரிய விடை அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இருக்கின்றது. சட்ட அமைச்சராகவும் அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும் அவர் ஆற்றிய பணிகளை நம்மவர் அனைவரும் அறிவர். அப்பணிகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது அவருடைய மாணவ வாழ்வாகும். 1913 முதல் 1923 வரை பத்தாண்டுகள், இடையில் தடைப்பட்டும், கடல் கடந்தும், அவர் கற்ற வரலாற்றையே இவ்வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்முன் வைக்க விழைகின்றோம்.

இளமையும் முதற் பட்டமும்

மராட்டிய மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்து அம்பவடே என்னும் சிற்றூரைச் சேர்ந்தது அவர்தம் குடும்பம். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர், தாயார் பீமாபாய். இவர்களுக்குப் பதினான்காவது மகவாக, மாவ் படைக்குடியிருப்பில் 1891 ஏப்ரல் 14 ஆம் நாள் அண்ணல் பிறந்தார். சதாராவில் பள்ளியிற் பயின்றபோது ஏனைய மாணவரோடு அமர அவருக்கு இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியை விரித்துத் தனியே அமர்ந்தார். மாலையில் அதனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பினார். பள்ளியின் பணியாள் ஊற்றினாலன்றித் தண்ணீர் அருந்த இயலாது. பணியாள் வாராத நாளில் தாகத்தோடு இருந்தார்.

பின்னர்ப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907 இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அந்நாளில் அவர் குலத்து இளைஞர் ஒருவர் அத்தேர்வில் தேறுதல் அரிய செய்தியாதலின், அவரைப் பாராட்ட ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. அங்குக் கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருமகனார் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். குடும்ப வறுமையால் கல்லூரிப் படிப்பு தடைப்படும் நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அறிமுகம் செய்துவைத்தவரும் இவரே. மன்னர் திங்கள்தோறும் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் வழங்கினார். அதனைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912 இல் பட்டப்படிப்பை முடித்தார்.

அமெரிக்காவில் கற்றவை

1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர், மூன்றாண்டுகளுக்குத் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் வீதம் உதவி அளித்து, அவரை அமெரிக்காவிற்கு அனுப்ப முன்வந்தார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிதல் வேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்வாண்டு சூலைத் திங்களில் அண்ணல் நியூயார்க் நகரை அடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் தம் பிறப்பை எவரும் வினவாத வாழ்வை அவர் முதன்முதலாக அங்கேதான் கண்டார்.

அங்கு அவர் கற்றவற்றின் அளவைக் கேட்போர் வியப்பெய்துவர். பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 என்று அவர் பயின்றார். இவற்றோடு பிரெஞ்சு, செர்மன் மொழிகளிலும் தொடக்கப் பாடம் கேட்டார். பொருளாதாரப் பேராசிரியர் செலிக்மன், தத்துவப் பேராசிரியர் சான் டூயி போன்றோர் அவர்தம் ஆசிரியர்கள். பட்டத்திற்குத் தேவையானவற்றைமட்டும் கற்றுத் திரும்பியிருக்கலாம். அவரோ சமூகம் என்னும் பெரும் பொருளை எத்தனை வாயில்கள் வழியாக நோக்க இயலுமோ அத்தனை வாயில்கள் வழியாகவும் நோக்கினார். இன்று சமூகப்பணிப் பட்ட வகுப்பில் சமூகவியலும், பொருளாதாரமும், உளவியலும், சட்டமும் ஒருங்கே கற்பிக்கப்படுவதன் நோக்கமும் இதுவேயாகும்.

1915 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9 ஆம் நாள், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் குழுவிற்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கமே சாதியை நிலைநிறுத்துவது என்றும், உடன்கட்டை ஏறுதல், கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகியவை அவ்வழக்கைக் காப்பதற்கு எழுந்தவை என்றும் அதில் நிறுவினார். சாதியால் துன்புற்ற ஒருவர் அதனைப் பழித்துரைத்தல் இயல்பு. ஆனால், அது எவ்வாறு இயங்குகின்றது என்று நோய் நாடி நோய் முதல் நாடும் மருத்துவரைப்போல் ஆராய்வதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தந்தது பல்கலைக்கழகக் கல்வியே.

இதே 1916 ஆம் ஆண்டில்தான், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தடைப்பட்ட படிப்பு

1916 இல் அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற அண்ணல், இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் பயிலக் கிரேஸ் இன் என்னும் நிறுவனத்திலும் சேர்ந்தார். ஆனால் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தமையால், 1917 இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுகளுக்குள் மீண்டு வந்து தொடரலாம் என்னும் அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள், போரில் அக்கப்பல் தாக்குண்டமையால் கடலில் மூழ்கின.

ஒப்பந்தப்படி பரோடா சென்று பணியேற்றார். கொலம்பியாவில் முதுகலை பெற்றவரின் மேசைமீது பணியாளர் கோப்புகளைத் தூர நின்று வீசினர். அலுவலகத்தில் குடிநீர் கிட்டவில்லை. நகரில் தங்க இடமும் கிட்டவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, அவர் இன்னார் என்று அறிந்த ஒரு கூட்டம் தடிகளோடு வந்து வெளியேறச் சொல்லிற்று. செல்வதற்கு வேறிடமின்றிப் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்து, பின் பம்பாய்க்குத் திரும்பினார். பட்டம் ஒன்றே தீண்டாமையை ஒழித்துவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

பம்பாயில் தனி வகுப்பு நடத்தினார். முதலீடு பற்றி ஆலோசனை கூறும் தொழிலையும் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கும் உடன் பணியாற்றியோருட் சிலர், ஆசிரியர்க்கென வைத்த பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதை எதிர்த்தனர். ஆயினும் நிலையான ஊதியம் வந்தது. பலர் இவ்விடத்தில் அமைதி அடைந்திருப்பர். அண்ணலோ செலவைச் சுருக்கிப் பணம் சேர்த்தார். அந்நான்காண்டுக் கெடுவை அவர் மறக்கவில்லை.

மீண்டும் இலண்டனில்

1920 மார்ச்சில் பேராசிரியர் பதவியை விட்டார். தம் சேமிப்போடு, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியையும், கொலம்பியாவில் உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனையும் கொண்டு மீண்டும் இலண்டன் சென்றார். அரைவயிறு உண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலை திறக்கும் நேரம் தொட்டு மாலை மூடும் நேரம் வரை கற்றார். 1921 இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பாரிஸ்டர் தகுதியும் எய்தினார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவர்தம் ஆய்வேட்டில் பிரிட்டிஷ் ஆட்சியைக் குறித்த கடுமையான கருத்துகள் இருந்தமையால், திருத்தி எழுதுமாறு பணிக்கப்பட்டார். அவ்வாறே எழுதி அனுப்பி 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மாகாண நிதி பற்றிய நூலை 1925 இல் அச்சிட்டளித்தபின், கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டமும் 1927 இல் முறையாக வழங்கப்பட்டது. இலண்டனில் தடைப்பட்ட படிப்பை அவர் பாதியில் விட்டுவிடவில்லை.

இல்லத்தில் சுமந்தவர்

இப்பட்டங்களுக்குரிய விலையை அண்ணல் ஒருவரே கொடுத்தார் என்று எண்ணுதல் பிழையாகும். அவர் துணைவியார் இரமாபாய் பம்பாயில் மிகுந்த வறுமையோடு குடும்பத்தை நடத்தினார். பிறந்த மக்கள் ஐவருள் நால்வர் இளமையிலேயே இறந்தனர். யசுவந்த் ஒருவரே எஞ்சினார். 1935 மே 27 ஆம் நாள் இரமாபாய் அம்மையார் காலமானார். பின்னர் 1940 இல் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலை, தம்மோடு துன்பம் தாங்கிய அத்துணைவியாரின் நினைவுக்கே அண்ணல் உரிமையாக்கினார். ஒருவர் கற்கும்போது வீட்டில் யாரோ ஒருவர் பசித்திருக்கின்றார் என்பதை நம் இளைஞர் உணர்தல் வேண்டும்.

கற்றது பயன்பட்ட விதம்

பெற்ற கல்வியை அண்ணல் என் செய்தார்? 1924 சூலையில் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது, படிப்பகமும் நடத்திற்று. 1928 இல் சைமன் குழுவின்முன், பம்பாய் மாகாணத்துத் தாழ்த்தப்பட்டோரின் கல்விநிலையைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துவைத்தது. குறையைச் சொல்லி அழுதல் வேறு. அதனை எண்ணிக்கையால் மெய்ப்பித்துக் காட்டுதல் வேறு. இரண்டாவதைச் செய்யக் கற்றவர் வேண்டும்.

இன்றைய சமூகப்பணி மாணவர்க்குக் களப்பணி இன்றியமையாதது. அண்ணலும் அதனைச் செய்தார். தாழ்த்தப்பட்டோர் குறைகளை ஆராயப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் உறுப்பினராக அவர் சுற்றுப்பயணம் சென்றார். 1929 அக்டோபரில் சாலிஸ்கான் என்னும் ஊரில் குதிரை வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றிச்செல்ல இசையவில்லை. வண்டியோட்டிப் பழகாத நம்மவர் ஒருவர் ஓட்ட முன்வந்தார். வண்டி பாலத்தில் தடுமாறியது. அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்து துன்புற்றார்.

இந்தியாவில் சமூகப்பணிக்கென முதற் கல்வி நிறுவனம் அதே பம்பாயில் டாட்டா அறக்கட்டளையால் 1936 இல்தான் தொடங்கப்பட்டது. சென்னைச் சமூகப்பணிப் பள்ளி 1952 இல் தோன்றிற்று. அவற்றிற்கெல்லாம் முன்பே, அத்தகைய கல்வியைத் தாமே வகுத்துக்கொண்டு கற்றவர் அண்ணல் என்று கூறலாம்.

உபகாரச் சம்பளத்தால் உயர்ந்தவர், அதனைப் பிறர்க்கும் உரிமையாக்க முயன்றார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு மத்திய அரசு பொருளுதவி செய்ய வேண்டுமென வற்புறுத்தினார். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் 1944 இல் பிறந்தது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் உதவித்தொகை அதன் வழிவந்ததே. 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1952 இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்தில் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 1956 டிசம்பர் 6 ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

நாம் செய்யத்தக்கவை

நல்ல மனம் மட்டும் இருந்திருந்தால், அண்ணல் தம் தெருவில் ஒரு நல்லவராக வாழ்ந்து மறைந்திருப்பார். நல்ல மனத்தோடு கல்வியும் சேர்ந்தமையால், நேரிற் காணாத கோடிக்கணக்கானோர்க்கு அவரால் உதவ முடிந்தது. பட்டம் எதற்கு என்று வினவும் பெற்றோர்க்கு யாம் கூறும் விடை இதுவே.

கல்விச் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லூரியிற் சேரும் நாளில் உதவுவோர் பலர். இரண்டாம் ஆண்டில் தந்தை நோயுற்றாலோ, கரும்பு வெட்டு வேலை இல்லாமற் போனாலோ, மாணவன் புத்தகத்தை வைத்துவிட்டுச் சென்னைக்கோ திருப்பூருக்கோ கூலிக்குச் சென்றுவிடுகின்றான். அந்நேரத்தில் உதவுவோர் சிலரே. அண்ணலுக்கு முதற்பயணத்தில் மன்னர் உதவினார். தடைப்பட்ட படிப்பை முடிக்கும்போது நண்பர் நவல் பதேனாவும் துணைநின்றார். சங்கத்தின் நிதியில் ஒரு பகுதியை, படிப்பு நின்றுபோன மாணவரை மீண்டும் கல்லூரிக்கு அனுப்புவதற்கென ஒதுக்குதல் நலம். பயன்பெற்றவர் வேலையிலமர்ந்தபின் அத்தொகையைத் திருப்பிச் செலுத்தினால், அடுத்தவர்க்கு அது உதவும்.

இளைஞர்காள்! இடையில் நின்ற படிப்பு இழுக்கன்று. அண்ணலின் படிப்பும் மூன்றாண்டுகள் நின்றது. நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். பட்டம் பெற்றபின், உங்களுக்காக வீட்டில் பசித்திருந்தவரையும், உங்கள் ஊரில் இன்னும் பள்ளிப்படி ஏறாத பிள்ளையையும் நினைவிற் கொள்ளுங்கள். வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அதன் பொறுப்புகளை நீங்கள் ஏற்று நடத்துதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.