கோமகன் இழுத்த வண்டியும் பின்னால் நடந்த தாயும்

1797 ஏப்ரலில் லண்டனில் ஒரு கேலிச்சித்திரம் அச்சாகி விற்பனைக்கு வந்தது. வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே. பருத்த மனிதர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்கச் சிறு வண்டியொன்றை இழுக்கிறார். வண்டியில் குழந்தைகள். பின்னால் நடந்து வரும் பெண் கையிலுள்ள நாடக வசனத்தைப் படித்தபடியே வருகிறார்.

வண்டி இழுப்பவர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன், கிளாரன்ஸ் கோமகன் வில்லியம். பின்னால் வருபவர் டொரோதியா ஜோர்டன். அன்றைய இங்கிலாந்து மேடையின் முன்னணி நகைச்சுவை நடிகை. கோமகனின் பிள்ளைகளுக்குத் தாய். ஆனால் மனைவி அல்ல.

1761இல் பிறந்த டொரோதியா, அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடிக்கத் தொடங்கினார். அங்கு நாடக அரங்க முதலாளி ஒருவரால் கர்ப்பமுற்ற நிலையில், 1782இல் கடல் கடந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்தார். கடலைக் கடந்து வந்ததை நினைவுபடுத்தும் வகையில், விவிலியத்தின் யோர்தான் நதியின் பெயரே அவரது மேடைப் பெயராயிற்று. அந்தச் சொல்லுக்கு அன்றைய ஆங்கிலத்தில் படுக்கையறையில் வைக்கும் சிறுநீர்ப் பானை என்ற பொருளும் உண்டு. கேலிச்சித்திரக்காரர்கள் அதைப் பல தடவை பயன்படுத்தி அவரை அவமானப்படுத்தினர்.

1785இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தோன்றியதும் அவரது புகழ் உயர்ந்தது. கோமகனுடன் வாழத் தொடங்கியபோது அவருக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தனர். மன்னரின் அனுமதியின்றி அரச குடும்பத்தினர் செய்யும் திருமணம் செல்லாது என 1772ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஒரு நடிகைக்காக அந்த அனுமதி கிடைக்கப் போவதில்லை.

இருந்தும் இருவரும் இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தனர். 1794 முதல் 1807 வரை பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். ஒவ்வொரு பேறுக்குப் பின்னரும் அவர் மேடைக்குத் திரும்பினார். கடனில் மூழ்கியிருந்த கோமகனின் வீட்டுச் செலவுக்கு அவரது சம்பளமும் உதவியது. யார் யாரைப் பராமரிக்கிறார் என்று ஊர் சிரித்தது.

1811இல் கோமகனுக்குப் பணக்கார மனைவி தேவைப்பட்டார். செல்ட்னம் நகரில் நடித்துக்கொண்டிருந்த டொரோதியாவைக் கடிதம் மூலம் அழைத்துப் பிரிவை அறிவித்தார். அவருக்கும் பெண் பிள்ளைகளுக்குமாக ஆண்டுக்கு 4,400 பவுண் ஒதுக்கப்பட்டது. மீண்டும் நடித்தால் கோமகனின் பெண் பிள்ளைகளும் அவர்களுக்குரிய பணமும் தகப்பனிடம் போய்விடும் என்பது நிபந்தனை. பிள்ளைகளை வளர்க்க அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலே, பிள்ளைகளை இழக்கும் காரணமாக எழுதப்பட்டது.

அவர் மேடைக்குத் திரும்பினார், பிள்ளைகளை இழந்தார். பின்னர் மருமகன் ஒருவரின் கடனுக்குப் பொறுப்பேற்றுச் சிக்கலில் விழுந்தார். 1815இல் பிரான்ஸ் சென்றவர், 1816 ஜூலை 5ஆம் திகதி பாரிஸ் அருகே சென் குளூ நகரில் இறந்தார். பெற்ற பிள்ளைகளில் ஒருவர்கூட அருகில் இருக்கவில்லை.

1830இல் வில்லியம் மன்னரானார். டொரோதியாவை இரு குழந்தைகளுடன் பளிங்கில் செதுக்கும்படி சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரியைப் பணித்தார். அதை வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் வைக்க மன்னர் விரும்பியும் இடம் கிடைக்கவில்லை.

1837இல் வில்லியம் இறந்தபோது, மணமுடித்த அரசி அடிலெயிட்டுக்குப் பிறந்த பிள்ளைகள் எவரும் உயிருடன் இல்லை. டொரோதியாவின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி வாரிசுரிமை இல்லை. எனவே இலங்கையையும் உள்ளடக்கிய அந்தப் பேரரசின் முடி, மன்னரின் தம்பி மகள் விக்டோரியாவுக்குப் போனது.

அந்தப் பளிங்குச் சிலை இன்று பக்கிங்காம் அரண்மனையில் நிற்கிறது. திருமதி ஆகாத அந்தத் தாய், இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகே குழந்தைகளுடன் அரண்மனைக்குள் நுழைந்தார்.