காற்றுக்கு லெவல் போட்டவர்

உங்க ப்ராஜெக்ட் லாக் ஃபைலைத் திறந்து பாருங்க. பாதி வரி 'எரர்'னு இருக்கும். யூசர் பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சாலும் எரர், டேட்டாபேஸே படுத்துட்டாலும் எரர். என் ப்ராஜெக்டும் அப்படித்தான் இருந்தது. இதே குழப்பத்தை 200 வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல சந்தித்தவர் ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட்.

'லாக்' என்ற சொல்லே கப்பலில் இருந்து வந்ததுதான். வேகத்தை அளக்க ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் விடுவார்கள். அந்தக் கணக்கை எழுதிய நோட்டு, லாக் புக்.

பியூஃபோர்ட் 1774-ல் அயர்லாந்தில் பிறந்தார். 14 வயசோட பள்ளிப் படிப்பு முடிஞ்சது, கடலுக்குப் போயிட்டார். 15 வயசுல அவர் இருந்த கப்பல் விபத்தில் சிக்கியது. கடல் வரைபடம் சரியா இல்லாததுதான் காரணம். சரியாகப் பதிவு செய்யாவிட்டால் உயிர் போகும் என்று அவருக்கு அப்பவே புரிந்திருக்கும். 1800-ல் ஸ்பெயின் கடற்கரை அருகே ஒரு சண்டையில் உடம்பெல்லாம் காயம். தேறி வர வருஷக்கணக்கில் ஆனது. அந்த நேரத்திலும் சும்மா இருக்காமல், அயர்லாந்தில் டப்ளின் முதல் கால்வே வரை சைகைத் தந்தி அமைக்க உதவினார்.

1806 ஜனவரியில் 'வுல்விச்' கப்பலின் கேப்டனாக இருந்தபோது, தன் நோட்டில் காற்றுக்கு எண் கொடுத்து எழுத ஆரம்பித்தார். அதுவரை ஒரு கேப்டனுக்கு 'பலத்த காற்று', இன்னொருவருக்கு 'மிதமான காற்று'. இரண்டு லாக்கை ஒப்பிடவே முடியாது. எண் கொடுக்கும் யோசனை முழுக்க அவருடையது இல்லை. இளவயதில் மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை பார்த்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள் போன்றவர்கள் முன்னாடியே முயற்சி செய்திருந்தாங்க. பியூஃபோர்ட் செய்த முக்கியமான வேலை வேறு: பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும், ஒரு போர்க்கப்பல் அந்தக் காற்றில் எந்தெந்தப் பாயை விரிக்க முடியும் என்று வரையறை கொடுத்தார். 0 என்றால் காற்றே இல்லை. 12 என்றால் எந்தப் பாயும் தாங்காது. பயந்தவரும் தைரியசாலியும் ஒரே எண்ணைத்தான் எழுதியாகணும்.

1829-ல் பிரிட்டிஷ் கடற்படையின் வரைபடத் துறைக்குத் தலைவரானார். 1831-ல் கிளம்பிய 'பீகிள்' கப்பலில் டார்வினுக்கு இடம் கிடைக்க வழி செய்தவர்களில் இவரும் ஒருவர். அந்தப் பயணத்தில் இவருடைய அளவுகோல் பயன்பட்டது. 1838-ல் கடற்படை முழுக்க அது கட்டாயமானது. அதாவது, தன் நோட்டில் எழுதிய ஒரு விஷயம் ஸ்டாண்டர்டாக மாற 32 வருஷம் ஆனது. 1857-ல் இறந்தார். ஆர்க்டிக்கில் ஒரு கடலுக்கு அவர் பெயர் இருக்கு.

இன்றைய 'சிஸ்லாக்'கில் 8 லெவல், 0 முதல் 7 வரை. இங்கே 0-தான் மிக ஆபத்து, அவருடையதற்கு நேர் எதிர். ஆனால் சிக்கல் அதேதான்: எழுதுறவர் மனநிலையைப் பொறுத்து லெவல் மாறக்கூடாது. இந்த வரியைப் பார்த்தவுடன் யாராவது எழுந்து வந்து சரி செய்யணுமா, நாளைக்குப் பார்த்தால் போதுமா, பார்க்கவே வேண்டாமா? எங்க டீமில் இந்த மூணு கேள்வியை ஒரு பேப்பரில் எழுதி வச்சுட்டு, பழைய எரர் வரிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கிட்டு இருக்கோம். பெரும்பாலானவை 'இன்ஃபோ'வுக்குத்தான் போகுது.