கைதி எண் 30664

'கடைசி இலை' கதை ஞாபகம் இருக்கா? அதை எழுதின ஓ. ஹென்றியோட நிஜப் பேர் வில்லியம் சிட்னி போர்ட்டர். அந்தப் பேரை அவர் ஏன் ஒளிச்சு வச்சார்னு தெரிஞ்சா, அவர் கதைகளை நீங்க வேற மாதிரி படிப்பீங்க.

1862-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். அப்பாவோட சகோதரர் மருந்துக்கடையில் தொழில் கத்துக்கிட்டு, இள வயசுலயே மருந்தாளர் லைசென்ஸ் வாங்கிட்டார். அப்புறம் டெக்சாஸ். கல்யாணம், ஒரு மகள், ஆஸ்டின் நகர வங்கியில் கவுன்ட்டர் வேலை. அந்த வங்கியில் கணக்கு வழக்கே சரியில்லை. பணம் குறையுதுன்னு 1894-ல் வேலை போச்சு, 1896-ல் கைது.

ஜாமீன்ல வெளிய வந்தவர், விசாரணைக்குப் போற வழியில் ரயில் மாறி, ஹோண்டுராஸுக்கே ஓடிட்டார். மனைவிக்குக் காசநோய் முத்திருச்சுன்னு தெரிஞ்சதும் தானாவே திரும்பி வந்து சரணடைஞ்சார். 1897 ஜூலையில் மனைவி இறந்தாங்க. அடுத்த பிப்ரவரியில் தீர்ப்பு: 854 டாலர் கையாடல், 5 வருஷம் சிறை. நிஜமாவே எடுத்தாரான்னு இன்னிக்கும் வாதம் நடக்குது. ஆனா ஓடினவரை எந்த ஜூரி நம்பும், சொல்லுங்க?

ஒஹாயோ சிறையில் அவரைக் காப்பாத்தினது அந்தப் பழைய லைசென்ஸ்தான். சிறை மருத்துவமனையில் ராத்திரி மருந்தாளர் வேலை கிடைச்சுது. மிச்ச நேரத்துல கதை எழுதினார். பத்திரிகைக்குச் சிறையிலிருந்து நேரா அனுப்பாம, நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த நண்பர் மூலமா அனுப்பினார். சின்னப் பொண்ணு மார்கரெட்கிட்ட, அப்பா தொழில் விஷயமா வெளியூர் போயிருக்கார்னு சொல்லி வச்சிருந்தாங்க.

நன்னடத்தைக்காக 1901-லயே விடுதலை. நியூயார்க் போனார். வாரம் ஒரு கதை, பெரிய புகழ். நாமளா இருந்தா ஊரெல்லாம் போட்டோ போட்டிருப்போம். அவர் பேட்டின்னாலே விலகினார். போட்டோ எடுக்கவும் பிடிக்காது. தண்டனை முடிஞ்ச பிறகும் அந்த ரெக்கார்டு கூடவே வந்துச்சு.

பூட்டு உடைக்கும் திருடன் ஜிம்மி வேலன்டைன் பத்தி அவர் ஒரு கதை எழுதியிருக்கார். சிறையிலிருந்து வந்த ஜிம்மி, பேரை மாத்திக்கிட்டு செருப்புக்கடை வச்சு நல்லா வாழறான். இரும்பு அறைக்குள்ள மாட்டின குழந்தைக்காக எல்லார் முன்னாடியும் பழைய வித்தையைக் காட்ட வேண்டி வருது. தேடி வந்த துப்பறிவாளர் அவனைத் தெரியாத மாதிரியே நடந்து போயிடறார்.

ஓ. ஹென்றி 1910-ல், 47 வயசுல இறந்தார். சிறைக் கதை வாசகர்களுக்குத் தெரிஞ்சது 1916-ல் வந்த வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தில்தான்.