இரசிகமணி டி. கே. சி.

பொதிய மலைத் தொடரின் அடிவாரத்தே அமைந்த எழில் நலம் வாய்ந்த ஊர் குற்றாலம். ஆனியிலும் ஆடியிலும் அங்கே சாரல் பொழியும். அருவிகள் ஆர்த்து விழும். மலையின் பல மடுக்களில் தனித்தனியே ஊறும் சிற்றோடைகள் ஒன்று கூடியே பேரருவி ஆகின்றன. அவ்வருவியைப் போன்றே பல அறிஞரை ஒருங்கு கூட்டித் தமிழை வளர்த்த பெரியார் ஒருவர் அவ்வூரில் வாழ்ந்தார். அவரே இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் ஆவார்.

தென்காசியைச் சார்ந்த குடும்பத்தில், தீத்தாரப்ப முதலியாரின் மைந்தராக 1882ஆம் ஆண்டில் அவர் தோன்றினார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். திருநெல்வேலியில் தொழில் நடத்தினார். சென்னைச் சட்டமன்ற மேலவையிலும், இந்து சமய அறநிலைய வாரியத்திலும் பணியாற்றினார். ஆயினும் அவருடைய உள்ளம் தோய்ந்து கிடந்தது தமிழ்க் கவிதையிலேயே ஆகும்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவரது இல்லத்தில் வட்ட வடிவான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் நண்பர்கள் அங்கே கூடினர். வழக்கறிஞர், ஆசிரியர், அரசு அலுவலர், மாணவர் எனப் பல திறத்தாரும் வந்தனர். டி. கே. சி. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, பதம் பிரித்து, இசையோடு பாடி, அதன் உயிர்நிலையை உணர்த்துவார். ஏனையோர் வினவுவர், தத்தம் கருத்தை உரைப்பர். அங்கே பட்டத்திற்கோ பதவிக்கோ தனி மதிப்பு இல்லை. சுவையறியும் உள்ளத்திற்கே மதிப்பு இருந்தது. அக்கூட்டமே வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது, வட்டத்தொட்டியும் உடன் சென்றது. இராஜாஜியும் கல்கியும் சாரல் காலத்தில் அங்கு வந்து தங்கி மகிழ்ந்தனர்.

அவ்வட்டத்தில் பழகியவர் பின்னாளில் தத்தம் துறையில் ஓங்கி நின்றனர். நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கினார். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசுப் பணியில் இருந்துகொண்டே தஞ்சைக் கலைக்கூடம் உருவாக உழைத்தார். வேங்கடம் முதல் குமரி வரையுள்ள கோயில்களைப் பற்றி எழுதினார். மீ. ப. சோமு 1962இலும், பி. ஸ்ரீ ஆச்சார்யா 1965இலும், அ. சீனிவாசராகவன் 1968இலும் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றனர். நாஞ்சில் நாட்டில் அடக்கமாக வாழ்ந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களைச் செல்லுமிடமெல்லாம் பாடிக் காட்டி, அவர் பெருமையை நாடறியச் செய்தவரும் டி. கே. சி.யே ஆவார்.

நண்பர்களால் அவர் பெற்ற நன்மையும் சிறிதன்று. அவர் பேசுவதில் வல்லவர்; எழுதியதோ குறைவு. பேச்சு காற்றோடு போய்விடும் அன்றோ? கல்கி தம் இதழில் அவருடைய கம்பராமாயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டார். அதனால் வட்டத்தொட்டியில் சிலரே கேட்ட சுவையைத் தமிழ்நாடு முழுவதும் பெற்றது. அருமை மகன் தீத்தாரப்பன் இளமையிலேயே மறைந்தபோது, கவிமணி இரங்கற்பா எழுதி அவருடைய துயரில் பங்கு கொண்டார்.

1941ஆம் ஆண்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை இயக்கம் எழுந்தது. இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். எதிர்ப்பு வலிதாக இருந்தது. அண்ணாமலைச் செட்டியார் பொருளும் ஆதரவும் நல்கினார், கல்கி எழுதினார், இராஜாஜி துணை நின்றார், டி. கே. சி. மேடைதோறும் பேசினார். ஒருவரால் இயலாத அப்பணி, பலர் கூடியதால் நிலைபெற்றது.

அவர் செய்தவை யாவும் எல்லார்க்கும் உடன்பாடாய் இருந்தன அல்ல. கம்பராமாயணத்துள் பல பாடல்களை இடைச்செருகல் என்று அவர் விலக்கினார். சில சொற்களை மாற்றியும் அமைத்தார். புலவர் பலர் அதனை ஏற்கவில்லை. எனினும் கம்பனைப் பொதுமக்கள் நாடிச் செல்லுமாறு செய்த அவரது தொண்டை மறுப்பார் இலர்.

1954ஆம் ஆண்டில் டி. கே. சி. இயற்கை எய்தினார். கற்ற கல்வி பிறரோடு பகிருந்தோறும் பெருகும். பிறர் திறத்தைப் போற்றுவோன் தன் திறமும் வளரப் பெறுவான். இவ்வுண்மையை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. ஓடைகள் கூடாவிடின் அருவி ஏது?